குவெஸ்னா, அசிரோஸ்: ஓர் ஊரும் ஒரு நூலும்

மாசிடோனியா என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருபவன் அலெக்சாண்டர்தான். ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனோடு பொருதவன் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததோடு சரி. அவனுக்குப் பிறகும் அந்த மண்ணில் மனிதர்கள் இருந்தார்கள், உழுதார்கள், கல்யாணம் கட்டிக்கொண்டார்கள், வரி கொடுத்தார்கள் என்பதெல்லாம் நம் படிப்பில் வருவதில்லை. நம்மை மட்டும் குறை சொல்வானேன்? அந்தப் பக்கத்து அரசியல்வாதிகளுக்கே அலெக்சாண்டரை யார் சொந்தம் கொண்டாடுவது என்ற சண்டையில் மற்றவர்கள் கண்ணில் படவில்லை.

அப்படிக் கண்ணில் படாமல் போன ஓர் ஊரின் கதையைச் சொல்லும் நூல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். எழுதியவர் அனஸ்தாசியா கரகசிடூ. கிரேக்கப் பெண்மணி, அமெரிக்காவில் மானிடவியல் பயின்று அங்கேயே பேராசிரியராகப் பணியாற்றியவர். சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1997இல் நூலை வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் 'கோதுமை வயல்கள், குருதிக் குன்றுகள்' என்று சொல்லலாம். 1870 முதல் 1990 வரையிலான 120 ஆண்டுகளில் கிரேக்க மாசிடோனியாவின் ஓர் ஊர் எவ்வாறு ஒரு தேசத்துக்குள் வந்து சேர்ந்தது என்பதுதான் பொருள். வெளிவருவதற்கு முன்பே உலகச் செய்தித்தாள்களில் அடிபட்ட நூல் இது. அந்த வம்புக்குப் பின்னர் வருகிறேன். வம்பைப் பேசிப் பேசியே நூலைப் படிக்காமல் விட்டவர்கள் அநேகம்.

ஊர் இருப்பது தெசலோனிக்கி நகருக்கு வடகிழக்கே, செரஸ் போகும் பழைய பெருவழியில், லங்கதாஸ் சமவெளியில். இன்றைய பெயர் அசிரோஸ். துருக்கியர் காலத்துப் பெயர் குவெஸ்னா. 1920களில் கிரேக்க அரசு அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களை நூற்றுக்கணக்கில் மாற்றியபோது, பழங்கால கிரேக்கப் பெயராக ஒன்றைத் தேடியெடுத்து இந்த ஊருக்கும் வைத்தது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொல்மேடு இருக்கிறது. 1975 முதல் பிரிட்டிஷ் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது வெண்கலக் காலத்துக் களஞ்சிய அறைகள் கிடைத்தன. தீயில் கருகிய கோதுமை அப்படியே இருந்தது. ஆக, கோதுமைக்கு அங்கே மூவாயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. குருதிக்குத்தான் 1870 என்று ஒரு தேதி கொடுக்கிறார் ஆசிரியர்.

அவர் 1980களின் இறுதியில் இந்த ஊருக்குப் போனது வேறு வேலையாக. 1922–23இல் துருக்கியிலிருந்து வந்த கிரேக்க அகதிகள் உள்ளூர்க்காரர்களோடு எப்படிக் கலந்தார்கள் என்பதை ஆராயவே போனார். உள்ளூர்க்காரர்கள் என்றால் தொன்றுதொட்டே கிரேக்கர்கள், அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர் பள்ளியில் படித்த பாடம். போன இடத்தில் கிழவர் கிழவிகள் பேசப் பேச அந்தப் பாடம் ஆட்டம் கண்டது. எங்கள் பாட்டிக்குக் கிரேக்கம் வராது, வீட்டில் வேறு பேச்சுத்தான் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அந்த 'வேறு பேச்சு' ஒரு ஸ்லாவ் மொழி. அதை பல்கேரியன் என்பதா மாசிடோனியன் என்பதா என்பதே தனிச் சண்டை. நாம் அதற்குள் போக வேண்டாம்.

இதிலென்ன இருக்கு, எந்த ஊரில்தான் பாட்டி பேசியதைப் பேத்தி பேசுகிறாள் என்று நமக்குத் தோன்றும். வெளியூர் வந்து மூன்று தலைமுறையான குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் கிரேக்கத்தில் அது சாதாரணச் செய்தி அல்ல. வட கிரேக்கத்து மண் கிரேக்கருடையது, அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எந்நாளும் கிரேக்கர்களே என்ற கூற்றின்மேல் அந்நாட்டின் எல்லைக்கோடே நின்றது. 1991இல் யூகோஸ்லாவியா உடைந்து பக்கத்தில் மாசிடோனியா என்ற பெயரிலேயே ஒரு நாடு கிளம்ப, 1992இல் தெசலோனிக்கியில் லட்சக்கணக்கானோர் திரண்டு கண்டன ஊர்வலம் நடத்தினார்கள். அந்தச் சூட்டில், அந்த நகரத்துக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கும் ஓர் ஊரின் பாட்டிகள் ஸ்லாவ் மொழி பேசினார்கள் என்று ஒரு கிரேக்கப் பெண்ணே எழுதினால் என்ன ஆகும்!

நூலின் முதற்பகுதி துருக்கியர் காலத்தைப் பற்றியது. ஒட்டோமான் அரசு தன் குடிகளை மொழி வாரியாகப் பிரிக்கவில்லை. மத வாரியாகப் பிரித்தது. அந்தப் பிரிவுக்கு மில்லத் என்று பெயர். உருது வழியாக வட இந்தியாவில் நாம் அன்றாடம் கேட்கும் சொல்தான். உழவனுக்கு அங்கே ரேயா. நம் ரயத்துவாரியில் இருக்கும் ரயத்தும் அதுவும் ஒரே வேர். கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பேட்ரியார்க்கின் கீழ் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் எல்லாரும், வீட்டில் எதைப் பேசினாலும், ஒரே மில்லத். குவெஸ்னாவின் உழவனை நீ யார் என்று கேட்டிருந்தால் "நான் கிறிஸ்தவன்யா, இந்த ஊர்க்காரன்" என்றிருப்பான். அதற்கு மேல் கேட்டால் கேள்வியே விளங்கியிருக்காது.

கேள்வி விளங்கத் தொடங்கியது 1870இல். அந்த ஆண்டு சுல்தான் ஒரு ஃபர்மான் பிறப்பித்து, பல்கேரியருக்கென்று எக்சார்க்கேட் என்ற தனித் திருச்சபைக்கு அனுமதி கொடுத்தார். அதில் பத்தாவது விதி ஒன்று உண்டு. ஒரு மறைமாவட்டத்துக் கிறிஸ்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அது புதிய சபையில் சேரலாம். பார்வைக்கு எவ்வளவு ஜனநாயகமான விதி! ஆனால் மாசிடோனியாவின் அரை நூற்றாண்டு இரத்தத்துக்கு இந்த ஒரு வரி பெருங்காரணம் என்பேன். மூன்றில் இரண்டு என்றால் தலை எண்ண வேண்டும். தலை எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு தலையும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லியாக வேண்டும். 1872இல் பேட்ரியார்க் புதிய சபையைப் பிளவுபட்டது என்று விலக்கிவைத்த பிறகு, எந்தக் கோயிலில் பூசை பார்ப்பது, எந்தப் பாதிரி பிணத்தை அடக்குவது என்பதெல்லாம் அரசியலாயிற்று. பேட்ரியார்க் பக்கம் நின்றவன் கிரேக்கன். எக்சார்க் பக்கம் போனவன் பல்கேரியன். இருவரும் வீட்டில் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தாலும்தான்.

கோயிலைத் தொடர்ந்து பள்ளிக்கூடம் வந்தது. ஏதென்ஸும் சோஃபியாவும், சில இடங்களில் பெல்கிரேடும், புக்காரெஸ்டும்கூடப் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிகள் திறந்தன; வாத்தியார் சம்பளத்தோடு வந்தார். ஹென்றி பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1906இல் எழுதிய நூலில் ஒரு பிரெஞ்சுத் தூதர் சொன்னதாக ஒரு செய்தி தருகிறார். பத்து லட்சம் ஃபிராங்க் கொடுத்தால் மாசிடோனியா முழுவதையும் பிரெஞ்சுக்காரராக்கிக் காட்டுகிறேன் என்றாராம் அந்தத் தூதர். கிண்டல்தான். ஆனால் அங்கு நடந்ததைப் பார்த்தவருக்குத்தான் அப்படிக் கிண்டல் செய்ய வரும்.

காசுக்கு மசியாத ஊருக்குத் துப்பாக்கி வந்தது. 1903 ஆகஸ்டு எழுச்சியைத் துருக்கியர் அடக்கிய பிறகு, 1904 முதல் 1908 வரை கிரேக்க ஆயுதக் குழுக்களும் பல்கேரிய ஆயுதக் குழுக்களும் மலைகளில் திரிந்தன. இரவில் ஒரு குழு வந்து பாதிரியையும் வாத்தியாரையும் சுட்டுவிட்டு ஊரைத் தன் சபைக்கு மாறச் சொல்லும். மாறினால் அடுத்த வாரம் மற்றக் குழு வந்து நிற்கும். உழவனுக்கு என்ன வழி? இந்தக் காலத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் மாசிடோனியப் போராட்டம். பாடநூல்களில் அது விடுதலைக் காவியம். கரகசிடூ அதைக் காவியமாகச் சொல்லாமல் ஒரு சந்தை ஊரின் கணக்கு வழக்காகச் சொல்கிறார். பலருக்குக் கோபம் வந்தது இங்கேதான். நூலின் சிறப்பும் இதில்தான் இருக்கிறது.

சந்தை என்றேனே, அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். குவெஸ்னா பெருவழிமேல் இருந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோதுமைக்கு நல்ல விலை. தெசலோனிக்கித் துறைமுகம் பக்கத்தில். கிரேக்கம் பேசும் வணிகர்கள் வெளியிலிருந்து வந்து ஊரில் குடியேறினார்கள். உள்ளூரில் ஸ்லாவ் மொழி பேசும் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். கடன் கொடுத்தார்கள், நிலம் சேர்த்தார்கள். நாளடைவில் அவர்களும் அவர்களோடு சம்பந்தம் செய்துகொண்ட உள்ளூர்ப் பெரிய வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு மேட்டுக்குடி ஆனார்கள். அவர்களுக்கு ஊரில் சோர்பஜி என்று பெயர். சோர்பா என்றால் துருக்கியில் சூப்பு. இங்கே ஓட்டல்களில் ஷோர்பா என்று கொண்டுவந்து வைக்கிறார்களே அதுதான். சோர்பஜி என்றால் சூப்பு வார்ப்பவன், அதாவது பத்துப் பேருக்குச் சோறு போடும் வசதி உள்ளவன்.

அந்தக் காலத்து பால்கனில் கிரேக்கன் என்ற சொல்லுக்கே பாதி அர்த்தம் வியாபாரி. வரவுசெலவு எழுத, கோயிலில் வாசிக்க, பட்டணத்தில் பேரம் பேச எல்லாவற்றுக்கும் கிரேக்கம் வேண்டும். நாலு காசு சேர்ந்த உழவன் மகனைக் கிரேக்கப் பள்ளிக்கு அனுப்பினான் என்றால் அவன் ஏதென்ஸுக்கு விசுவாசம் காட்டினான் என்று பொருளில்லை. மகன் ஏர் பிடிக்க வேண்டாம் என்று நினைத்தான், அவ்வளவுதான். இந்த ஊர் ஏன் பேட்ரியார்க் பக்கமே நின்றது என்பதற்கு நூல் தரும் விடை இந்தச் சந்தையிலிருந்து வருகிறது. இரத்தத்தில் தேடினால் கிடைக்காத விடை கடன் சீட்டில் கிடைக்கிறது. இவ்வளவு தெளிவாக ஓர் ஊரின் வயிற்றுப்பாட்டையும் அதன் தேசப்பற்றையும் ஒரே நூலில் முடிந்து காட்டியதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1912 அக்டோபரில் பழைய நாட்காட்டிப்படி 26ஆம் தேதி தெசலோனிக்கி கிரேக்கப் படையிடம் சரணடைந்தது. பல்கேரியப் படை மறுநாள்தான் வந்து சேர்ந்தது. ஒரு நாள் முந்தியதால் ஒரு நகரம் யாருடையது என்று தீர்ந்தது! அடுத்த கோடையில் கூட்டாளிகள் இருவரும் மோதிக்கொண்டார்கள். செரஸ் சாலையில் இவ்வூருக்கும் அப்பால் இருக்கும் லக்கனாஸ் மேடுகளில் பெரும்போர் நடந்தது. நூலின் தலைப்பில் வரும் குன்றுகளை அங்கே நேராகவே பார்க்கலாம். 1914இல் வெளிவந்த கார்னகி விசாரணைக் குழுவின் அறிக்கை எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் பதிவு செய்திருக்கிறது. பிறகு முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை இந்தச் சாலை நெடுகிலும் முகாமிட்டது. அதில் இந்தியரும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோவேறு கழுதை வண்டிப் படையில் பணிபுரிந்தவர்கள். தெசலோனிக்கியில் மொனாஸ்டிர் சாலையில் இந்தியர் கல்லறைத் தோட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது.

1923இல் லோசானில் செய்த உடன்படிக்கைதான் அடுத்த திருப்பம். துருக்கியிலிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களும், சில விலக்குகள் நீங்கலாக, கட்டாயமாக இடம் மாற வேண்டும் என்றாயிற்று. ஏறத்தாழ 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு வந்தார்கள்; மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் போனார்கள். அளவுகோல் மொழி அன்று, மதம். துருக்கி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர் கிரேக்கர் ஆனார். கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம் துருக்கியர் ஆனார். தேசம் தேசம் என்று இத்தனை ஆண்டுகள் வெட்டிக்கொண்டு, கடைசியில் ஆளைப் பிரிக்கும்போது அந்தப் பழைய மில்லத் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

அகதிகள் வந்தபின் லங்கதாஸ் சமவெளியில் இரண்டு வகை மனிதர் ஆனார்கள்: உள்ளூரார், அகதி. நேற்றுவரை யார் எந்த மொழி, எந்தச் சபை என்று பிரிந்திருந்தவர்கள் வந்தேறிகளுக்கு எதிராக 'நாங்க உள்ளூர்' என்று ஒன்றானார்கள். அதே சமயம் அரசு பெரும்பண்ணைகளைப் பிரித்து நிலம் கொடுத்தது. வாரத்துக்கு உழுதவன் பட்டாதாரர் ஆனான். பட்டாவில் கிரேக்க முத்திரை. பெயர் கிரேக்கப் பெயர். ஒரு மனிதனைத் தன் பக்கம் சேர்ப்பதில் பாதிரியும் துப்பாக்கியும் செய்யாததை அந்தப் பட்டா செய்தது என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

பெயர் மாற்றமும் பள்ளியும் எஞ்சிய வேலையை முடித்தன. இடையில் 1925இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்லாவ் மொழிக் குழந்தைகளுக்கென்று ஏதென்ஸ் அரசே 'அபெசெடார்' என்ற அரிச்சுவடியை லத்தீன் எழுத்தில் அச்சிட்டது. எங்கள் மக்களுக்கு இந்த எழுத்தா என்று பல்கேரியா கத்தியது. அவர்கள் எங்கள் மக்கள் என்று செர்பியாவும் கத்தியது. புத்தகம் பள்ளிக்கே போகாமல் முடங்கியது. ஒரு குழந்தையின் அரிச்சுவடிக்கு மூன்று தலைநகரங்கள் அடித்துக்கொண்டன. அந்தக் குழந்தையை யாரும் கேட்கவில்லை. 1936இல் மெட்டாக்சஸின் சர்வாதிகாரம் வந்தபின் அந்த மொழியைப் பேசுவதற்கே தடை, பேசினால் அபராதம். பெரியவர்களைக் கிரேக்கம் கற்க இராப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

இங்கேதான் பாட்டிகள் வருகிறார்கள். ஆண்பிள்ளைக்குச் சந்தையும் பள்ளியும் பட்டாளமும் இருந்தன. கிரேக்கம் தானாக வந்தது. வீட்டோடும் வயலோடும் இருந்த பெண்கள்தான் பழைய பேச்சைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். தேசத்துக்கு அவர்கள் தாய்மார்; தேசப்பற்றைப் பாலோடு ஊட்ட வேண்டியவர்கள். அந்தத் தாய்மாருடைய மொழியே தேசத்துக்கு ஆகாததாக இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மருமகளுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மொழி இப்படி ஓசையில்லாமல் போனதற்கு எந்தப் போர்க்கள நினைவுத்தூணும் கிடையாது.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். கிரேக்கத் தேசியவாதிகள் சொன்ன குறைகளைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர் உண்மையில் ஸ்லாவ் ஊர் என்று நூல் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் நூலைக் கொண்டாடியவர்கள் சிலரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நூல் சொல்வது அதுவல்ல. உண்மையில் என்ற சொல்லே அந்த ஊருக்கு 1870க்குப் பிறகு இறக்குமதியானது என்பதுதான் அதன் வாதம்.

ஆனால் ஆசிரியரே தம் வாதத்தைச் சில இடங்களில் நழுவ விடுகிறார் என்பது என் எண்ணம். ஸ்லாவ் மொழி பேசுவோர் என்று அவர் கவனமாகத்தான் எழுதுகிறார். இனம் என்று எழுதுவதில்லை. இருந்தாலும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்தத் தொடர் வரும்போது, அது ஒரு கூட்டத்தின் பெயர்போல ஆகிவிடுகிறது. ஒரே வீட்டில் தாத்தா கிரேக்கம், பாட்டி ஸ்லாவ், வேலைக்காரன் துருக்கி என்று இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கூட்டம்? அந்தக் காலத்துப் பேட்ரியார்க்கும் எக்சார்க்கும் எண்ணியதுபோல ஆசிரியரும் தம்மையறியாமல் தலை எண்ணத் தொடங்கிவிடுகிறார். பாட்டியின் மொழியை அடிமட்டம் என்று வைத்து, கிரேக்கத்தை மேற்பூச்சு என்று வைத்தால், பூச்சைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை படிப்பவனுக்கு வந்தே தீரும். எதிரிகள் நூலைத் தவறாகப் படித்ததில் இந்த நடைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

இரண்டாவது, உழவனை ஆசிரியர் சற்றுக் குறைவாகவே மதிப்பிடுகிறார். மேட்டுக்குடியும் அரசும் பிசைந்த மாவாக அவன் வருகிறான். நிலம் வாங்கியவன், மகனைப் படிக்கவைத்தவன், இரண்டு ஆயுதக் குழுக்களுக்கும் நடுவில் உயிர் பிழைத்தவன் ஒன்றும் அறியாதவனா? அவனும் கணக்குப் போட்டான். சந்தையைப் பற்றிய பக்கங்களில் தெரியும் அந்தக் கெட்டிக்காரன், அரசு பற்றிய பக்கங்களில் காணாமல் போகிறான்.

மூன்றாவது குறையை நூலின்மேல் வைப்பதைவிட அதை மேற்கோள் காட்டுவோர்மேல் வைக்க வேண்டும். குவெஸ்னா சீக்கிரமே, பெரும்பாலும் முழுமையாகவே கிரேக்கமாகிவிட்ட ஊர். மேற்கே ஃப்ளோரினா, கஸ்டோரியா வட்டாரங்களின் கதை வேறு. அங்கே அந்த மொழி தங்கியது; 1946–49 உள்நாட்டுப் போரில் அம்மொழியினர் பலர் கம்யூனிஸ்டுகள் பக்கம் சேர்ந்து, தோற்று, எல்லை கடந்தார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் கிழக்கு ஐரோப்பாவெங்கும் சிதறினார்கள். குவெஸ்னாவை வைத்துக்கொண்டு ஃப்ளோரினாவுக்குத் தீர்ப்புச் சொல்வது தஞ்சாவூரைப் பார்த்துவிட்டு ராமநாதபுரத்து விவசாயத்தைப் பற்றி எழுதுவதுபோல.

இப்போது அந்த வம்பு. 1993இல் ஃப்ளோரினா வட்டாரத்தைப் பற்றி கரகசிடூ ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதியதிலிருந்தே மிரட்டல்கள் வரத் தொடங்கின. தீவிரவாத ஏடு ஒன்று அவர் முகவரியையே அச்சிட்டது. இந்த நூலின் கைப்பிரதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் பரிசீலித்தது. மதிப்பீட்டாளர்கள் வெளியிடலாம் என்றே பரிந்துரைத்தார்கள். ஆனால் 1995 இறுதியில் பதிப்பகம் பின்வாங்கியது. கிரேக்கத்திலிருக்கும் தன் ஊழியருக்கு ஆபத்து வரலாம் என்பது அது சொன்ன காரணம். கிரேக்கத்தில் அதற்கிருந்த ஆங்கிலப் பாடநூல், தேர்வு வருமானத்தை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். மைக்கேல் ஹெர்ஸ்ஃபெல்டு, ஸ்டீஃபன் குட்மன் ஆகிய மானிடவியலறிஞர்கள் அப்பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவிலிருந்து விலகினார்கள். பிறகு சிகாகோ எடுத்துக்கொண்டது. பின்னால் கிரேக்க மொழியிலும் நூல் வந்தது.

பதிப்பகத்துக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. மதிப்பீட்டாளர் ஏற்ற நூலை அரசியல் பயத்தால் தள்ளுவது என்று தொடங்கினால் எந்த எல்லையோர ஊருக்கும் வரலாறு எழுத முடியாது. ஆனால் ஆபத்து என்ற சொல்லை எல்லாரும் பதிப்பக ஊழியருக்கும் ஆசிரியருக்குமே வைத்துப் பேசினார்கள். அசிரோஸ்காரர்களைப் பற்றி யாராவது கேட்டார்களா?

பெயர்ச் சண்டை என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2019 பிப்ரவரி முதல் அண்டை நாட்டுக்கு வட மாசிடோனியா என்று பெயர். அதோடு விட்டதா? 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தைக்கு பல்கேரியா தடை போட்டது. உங்கள் மொழி எங்கள் மொழியிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்ற பழைய வழக்கு அதில் முக்கியமானது. குவெஸ்னா உழவனிடம் 1870இல் கேட்ட கேள்வியை இப்போது பிரசெல்ஸில் ஒரு முழு நாட்டிடம் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஊராய்வு செய்பவர்கள் ஊரின் பெயரை மறைப்பது வழக்கம். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரே வைத்தார். அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் நடுவிலுள்ளதை எழுதும்போது, நாளைக்கு அவர்கள் அதே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டுமே என்ற நினைப்பு அதில் இருக்கிறது. கரகசிடூ அசிரோஸ் என்றே எழுதினார். அதற்கு நியாயமும் உண்டு. பதிவேடுகள், நிலக் கணக்குகள், சாலை, சந்தை எல்லாம் வைத்து எழுதும் வரலாற்றில் ஊர்ப் பெயரை மறைத்தால் யாரும் சரிபார்க்க முடியாது; புனைபெயர் வைத்திருந்தால் எதிரிகள் இப்படி ஓர் ஊரே கிடையாது என்றிருப்பார்கள். நான் அவர் இடத்தில் இருந்தாலும் பெயரைப் போட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அந்தப் பாட்டிகள் ஐம்பது அறுபது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது சும்மாவா? பேரப்பிள்ளையை யாரும் பல்கேரியன் என்று கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தானே? வந்த பெண் தங்கள் பேத்தி வயசுக்காரி, கிரேக்கம் பேசுகிறாள், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்ற நம்பிக்கையில் அதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது 1996இல் உலகச் செய்தியான போது ஊர்க் காப்பிக்கடையில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதை நூல் வெளியானபின் எழுதிய எந்த மதிப்புரையும் பெரிதாக எடுத்துப் பேசியதாக என் கண்ணில் படவில்லை. அந்த முதியவர்கள் காலமாகிவிட்டார்கள். அவர்கள் அந்த மொழியைப் பேசினார்கள் என்பதற்கு அவர்கள் ஊரில் இப்போது வேறு சாட்சி இல்லை. இந்த நூல்தான் இருக்கிறது.